வண்டித்தடத்து மேடு

வழியில் செத்தவர்களை வண்டித்தடத்திலேயே புதைத்து, பன்னிரண்டு வண்டிகளையும் மேலே ஓட்டிவிடுவார்கள். மண் இறுகிவிட்டால் நரி தோண்டாது. மலைக்கு மேற்கே நிலம் கிடைக்குமென்று கூட்டிவந்த சடையப்பன் வகுத்த ஏற்பாடு அது. சீனியம்மாவின் புருஷன் விருமன் காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தபோதும் சடையப்பன் குழி வெட்டச் சொன்னான்.

"இன்னும் மூச்சு இருக்குண்ணே!" சீனியம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"போற உசுருதானே தாயி. மழைக்கு முன்னால கணவாயைத் தாண்ட வேணாமா?"

விருமனை மூடிய மண்மேல் பன்னிரண்டு வண்டிகளும் ஏறி இறங்கின. அத்தனை ஆம்பளைகளில் ஒருத்தனுக்கும் தடுத்துக் கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் முழுக்க மேற்கே போனார்கள். பொழுது சாயும்போது அதே மேடு முன்னால் கிடந்தது, அவள் கிழித்துச் செருகிவைத்த சேலைத்துண்டோடு. மண் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. அதன்மேல் மறுபடியும் ஓட்டினார்கள். அடுத்த நாளும் மேடு வந்தது. மூன்றாம் நாள் அதைப் பார்த்ததும் மாடுகள் படுத்துவிட்டன.

"மண்ணுக்கா பயந்து சாகுறீங்க?" சடையப்பன் குதித்துப்போய் மேட்டை ஓங்கி மிதித்தான். கால் முழங்கால்வரை உள்ளே போனது. இழுக்க இழுக்க இடுப்புவரை இறங்கினான்.

"கையைக் குடு தாயி! உசுரு போகுது!"

மற்றவர்கள் அன்றைக்கு நின்ற மாதிரியே வாய்மூடி நின்றார்கள். சீனியம்மா, அவன் நீட்டிய கையைத் தாண்டிப்போய் முதல் வண்டியில் ஏறிக் கயிற்றைப் பிடித்தாள்.

"போற உசுருதானேண்ணே," என்றாள்.

படுத்திருந்த மாடுகள் எழுந்து நின்றன.