கூடும்

பேராசிரியரின் மேசைமேல் அவள் அந்தக் காகிதத்தை வைக்கவில்லை, அறைந்தாள்.

பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த கட்டுரை. மடித்து மடித்து நாலாகக் கிழியும் பதத்தில் இருந்தது. ஒரே ஒரு வரிக்குக் கீழே அக்கா நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

‘காலையில் அரை மணி நேரம் மூச்சைச் சீராக விட்டுப் பழகியவர்களுக்கு நாளடைவில் இரத்த அழுத்த மாத்திரை தேவைப்படாது.’

“உங்க பேருக்கு முன்னாடி இருக்கிற பட்டத்த நம்பித்தான் சார் எங்கக்கா மாத்திரைய நிறுத்தினா. இப்ப வலது கை தூக்க வரல. பேச்சு குழறுது.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். மனப்பாடமாகவே இருந்திருக்கும். அதே கட்டுரை அவர் தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாரோ எவரோ சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. கைப்பேசியில் வரும் கண்டகண்ட வைத்தியத்தையெல்லாம் அக்கா படித்துக் காட்டுவாள். யார் சொன்னது, எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள் என்று இவள் குடைந்தெடுப்பாள். அக்கா உடனே அதை அழித்துவிடுவாள். பதினோரு வருடம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டவள் அவள். அப்படிப்பட்டவளைக் கவிழ்த்தது ஒரு படித்த மனிதர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அதுவும் இவள் வேலை பார்க்கும் பத்திரிகையிலேயே எழுதிக் கவிழ்த்திருக்கிறார். அந்த எரிச்சல் தனி.

இருபது வருடமாக அங்கே பக்கம் பார்க்கிறாள். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவதை ஆபீசில் அப்படித்தான் சொல்வார்கள். அக்காவுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. எப்போது போன் செய்தாலும், இந்த வாரம் எத்தனை பக்கம் பார்த்தாய் என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆபீசில் இவளுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தனியாகத் தொங்கினால் இவளுக்குப் பொறுக்காது. எங்கேயாவது நறுக்கி அதை மேலே ஏற்றிவிடுவாள். இன்றைக்கு இவ்வளவு கொதிப்போடு வந்தவள்கூட, கதவில் ‘ஆராய்ச்சி துறை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, நடுவில் ஒரு ‘த்’ எங்கே போயிற்று என்று ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.

பேராசிரியர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். அதிலிருந்து இரண்டு தாள்களை உருவி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

முதல் தாள் அவர் கையால் எழுதியது.

‘…நாளடைவில் இரத்த அழுத்த மாத்திரை தேவைப்படாமல் போகவும் கூடும்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். கூடும் என்றால் கூடாமலும் போகும். கட்டுரையின்படி இருபத்திரண்டு பேரை ஆறு வாரம் மட்டும் வைத்துப் பார்த்த மனிதர் அதற்குமேல் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை.

இரண்டாவது தாள், அச்சாகும் முன் அவர் பார்வைக்குப் பத்திரிகையிலிருந்து அனுப்பிய பக்கம். அதில் ‘போகவும்’ என்பதோடு வரி நிறைந்துபோய், ‘கூடும்’ மட்டும் அடுத்த வரியில் தனியாகத் தொங்கியது. ‘தேவைப்படாமல் போகவும் கூடும்’ என்ற மூன்று சொல்லையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே சொல் எழுதியிருந்தது.

தேவைப்படாது.

பக்கத்தின் அடியில், சம்மதம் என்று பேராசிரியரின் கையெழுத்து.

“திருத்தினதப் பாத்தேம்மா. நான் எழுதினதவிட அழுத்தமா இருந்துது. சரின்னு விட்டுட்டேன்.”

தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அடுத்து என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

அதையெல்லாம் விட்டுவிட்டுத் தாளை இன்னும் அருகே இழுத்தாள்.

சிவப்பு மையில் அந்தத் ‘து’வின் வால் கீழே இறங்கி நீளமாகச் சுழித்திருந்தது. சின்ன வயதில் இவள் எழுத்தை அக்கா எலிவால், எலிவால் என்று கேலி செய்தும் மாறாத வால்.

திருத்தியது யார் என்று பத்திரிகையில் கேட்டால் சொல்வார்களா என்றார் பேராசிரியர். இவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே சிவப்புப் பேனா இருந்தது.

பட்டத்தை நம்பித்தான் என்று இவளாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை.

காலையில் ஆஸ்பத்திரியில், தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை இடது கையால் எடுத்து நீட்டி, குழறிக் குழறி அக்கா சொன்னது இவ்வளவுதான்: “நீ பாத்த பக்கந்தானே.”

படித்தாயா என்று கேட்கிறாள் என நினைத்து, இப்போதுதான் பார்க்கிறேன் அக்கா என்று இவள் பதில் சொன்னாள்.

அக்கா கொஞ்ச நேரம் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைப்பாக இருக்கும் என்று இவள் போர்வையை இழுத்துவிட்டு வந்திருந்தாள்.