அறுகோணமும் ஒரு ரப்பரும்

போயும் போயும் இந்தக் கல்நெஞ்சுக்காரியோடு தன்னைத் தேர்வறையில் உட்கார வைத்துவிட்டார்களே என்று நொந்துகொண்டார் பூகோள ஆசிரியர் பென்யோ.

ஸ்லிவென் ஊர்ப் பள்ளியில் செப்டம்பர் மறுதேர்வு. எழுத வந்தவன் மெதோடி ஒருவன்தான். மற்ற கணக்குகளைத் தட்டுத்தடுமாறி முடித்திருந்தான். கடைசிக் கேள்வி சரியாக வந்தால் மொத்தத்தில் தரம் மூன்று, பாஸ். தப்பினால் இரண்டு, ஃபெயில். பர்காஸ் துறைமுகத்தில் மாமா சொல்லிவைத்திருக்கும் வேலையும் போய்விடும்.

கணித ஆசிரியை ராய்னா கொடுத்திருந்த கேள்வி இது: வட்டத்துக்குள், முனைகள் எல்லாம் வட்டத்தைத் தொடும்படி ஓர் ஒழுங்கு அறுகோணம். வட்டத்தின் ஆரம் எட்டு சென்டிமீட்டர். முக்கோணவியலைக் கொண்டு அறுகோணத்தின் பக்க நீளத்தைக் காண்க. வழிமுறைக்கு மதிப்பெண் இல்லை, விடைக்கு மட்டும்.

"கூட்டலுக்கே திண்டாடறவனுக்கு சைன் கணக்கா மேடம்?" என்றார் பென்யோ.

"பாடத்துல இருக்கே சார்."

"கேள்வி புரியுதாடா?" என்று ராய்னா கேட்டாள்.

"புரியுது டீச்சர்" என்று, 'ஆமாம்' என்பதற்கு அந்த ஊர் வழக்கப்படி இடமும் வலமுமாகத் தலையாட்டிவிட்டு, சட்டென்று எதையோ எழுதினான் மெதோடி. அதன் பிறகுதான் வினை. பிறந்ததிலிருந்து செய்யாத காரியமாக, யோசிக்க ஆரம்பித்தான். முக்கோணம் வரைந்தான். பென்சிலைக் கடித்தான்.

"டீச்சர், நான் போட்டது தப்புன்னு தோணுது. அழிச்சிட்டு வேற போடறேன்."

"ரப்பரைக் கொண்டா."

வாங்கி மேசைக்குள் போட்டு மூடினாள்.

"அப்ப அடிச்சிட்டாவது எழுதறேனே?"

"பேப்பரையும் கொண்டா. கிளம்பு."

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு டீச்சர்."

"கிளம்புன்னேன்."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான் பையன். பென்யோ எழுந்தேவிட்டார்.

"நீங்கல்லாம் மனுஷிதானா? ஒரு ரப்பரைக்கூட விட்டுவைக்கலையே. இப்பவே ஹெட்மாஸ்டர்கிட்ட போறேன்."

"போகலாம். முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

விடை, எட்டு. பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக, மூன்று.

"இது சரியா?" என்றார் பென்யோ, மெல்ல உட்கார்ந்தபடி.

"ஒழுங்கு அறுகோணத்துல ஆரமும் பக்கமும் ஒரே நீளம் சார். வருஷம் பூரா எந்தக் கணக்கு கொடுத்தாலும், கேள்வியில இருக்கிற எண்ணையே விடையா எழுதிட்டுப் போவான் இவன். அப்படி எழுதினாலும் சரியா வர்ற கணக்கா பார்த்துப் பார்த்துக் கொடுத்தா, அதையும் யோசிச்சுக் கெடுத்துக்கப் பார்க்கிறானே, படுபாவி."