மூன்றாவது ஜோடி

இன்றும் மூன்று ஜோடி செருப்பு வைத்திருக்கிறாள், நாங்கள் இரண்டு பேர்தானே என்று தியூத்தா நினைத்துக்கொண்டாள்.

துர்ரஸ் நகரில், ரோமானிய அரங்கத்தின் மேல் கட்டிய வீடு லீரியுடையது. அவளது நிலவறையிலிருந்து ஒரு சுரங்கவழி அரங்கத்துக்குள் போய் ஒரு சுவரில் முடிகிறது. அதை அளக்க அரசுத் தொல்லியல் துறையிலிருந்து தியூத்தாவும் அவளது மேலதிகாரி ஆக்ரோனும் ஒரு வாரமாக வருகிறார்கள். அவர்கள் மேலேறி வந்ததும் சேற்றுக் காலணிகளைக் கழற்றி மாட்டிக்கொள்ள, லீரி ஆளுக்கொரு ஜோடி வீட்டுச் செருப்பு எடுத்து வைப்பாள்.

"அக்கா, எண்ண மறந்துட்டீங்களா?" என்றார் ஆக்ரோன்.

"நல்லா எண்ணுவேன் தம்பி. உங்க பின்னாடி வர்றவரு பேசமாட்டாரு. ஆனா உன்ன மாதிரி காப்பிய மிச்சம் வைக்கமாட்டாரு."

நிலவறையை அரசு எடுத்துக்கொள்ளாமலிருக்கக் கிழவி நாடகம் போடுகிறாளா? தியூத்தா குனிந்து மூன்றாவது ஜோடியைப் பார்த்தாள். முதல் நாள் விலைச்சீட்டோடு இருந்த ஜோடி அது. இப்போது அதன் குதிகால் தேய்ந்திருந்தது. செருப்புக்குள் சுரங்கவழியின் அந்தச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் இருந்தது.

ஆக்ரோன் தியூத்தாவிடம் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். "சுவருக்குப் பின்னாடி ஒண்ணுமில்ல, வழி பத்திரமானதுன்னு ஒரு கையெழுத்து போடும்மா. திங்கக்கிழம ஸ்கூல் புள்ளைங்க வர்றாங்க."

லீரி மூன்றாவது கோப்பையில் காப்பி ஊற்றினாள்.

தியூத்தா பேனாவை மூடி ஆக்ரோன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் போடல சார்."