அடுத்த கம்பளம்

அந்தப் பெண் நெகினைப் பெயர் சொல்லி அழைத்தாள்.

"நெகின் ஜான், இங்க வாடி என் கண்ணு. தம்பியையும் கூட்டிட்டு வா."

காட்டில் விரித்த கம்பளத்தில் அமர்ந்து, கம்பியில் கோழித்துண்டுகளைக் கோத்துக்கொண்டிருந்த மனீஜேயின் கை நின்றது.

கெர்மானிலிருந்து இந்த ரஷ்த் நகருக்குக் குடிவந்து இரு வாரம்கூட நிறையவில்லை. ஓயாத மழையில் அவள் வீட்டுக் கதவைத் தாண்டியதே அரிது. தன் மகளின் பெயரை அறிந்தவர் இந்த ஊரில் எவரும் இல்லை என்றே எண்ணியிருந்தாள்.

கெர்மானில் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் அருந்தலாம். பாலைவெளியில் எத்தனை தொலைவு ஓடினாலும் பிள்ளை கண்ணுக்குள்ளேயே இருக்கும். இந்தக் காட்டிலோ நான்கு மரம் தாண்டினால் பிள்ளை இல்லை. மரம் இருக்கும், மூடுபனி இருக்கும்.

அடைந்து கிடந்த பிள்ளைகள் சுவரில் முட்டிக்கொள்ளத் தொடங்கியபின், வெள்ளிக்கிழமை எங்கேனும் வெளியே போவோம் என்று கேட்டவள் அவள்தான். இடத்தைத் தேர்ந்தவன் கணவன் கியூமர்ஸ். யாரோ சொன்னார்கள் என்றான்.

கம்பளம், தேநீர்க் கெண்டி, பூப்பந்து மட்டை எல்லாம் எடுத்துவைத்தவன் அடுப்புக்கரியை மட்டும் வீட்டில் விட்டான். காட்டில் சுள்ளிக்கா பஞ்சம் என்பது பாலைநிலத்தானின் கணக்கு. இங்கோ ஒவ்வொரு சுள்ளியும் பிழிந்தால் நீர் சொட்டும். கரி வாங்கச் சாலைக்குப் போயிருந்தான்.

அவன் போனபின் விரிக்கப்பட்ட அடுத்த கம்பளம் பெரியது. அதில் அந்தப் பெண் ஒருத்தியே இருந்தாள். ஐம்பதைக் கடந்தவள். அவளைச் சூழ மூடிய பாத்திரங்கள். சுட்ட கத்தரிக்காயும் பூண்டும் காற்றில் மணத்தன.

அத்தனை உணவு, உண்ண ஒருவரும் வரவில்லை. வருவார் வழியை அவள் நோக்கவுமில்லை. இவர்களையே நோக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் மனீஜேயைப் பார்த்துப் புன்னகைத்தாள். மனீஜே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் பிள்ளைகளைப் பார்த்து மட்டும் சிரித்தாள்.

இப்போது பெயர் சொல்லியும் அழைத்துவிட்டாள்.

கம்பியைப் போட்டுவிட்டு மனீஜே எழுவதற்குள் நெகின் ஓடியிருந்தாள். நான்கு வயது ரூஸ்பே அக்காளின் பின்னே ஓடினான்.

கன்றைக் காணாத ஆவைப்போல் மனீஜே பாய்ந்து சென்று இருவரையும் இழுத்தாள். ரூஸ்பேயின் கன்னம் புடைத்திருந்தது. வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். அக்ரூட் பூரணம் வைத்த பணியாரம், பாதி மென்றது, புல்லில் விழுந்தது.

அவன் காடதிர அழுதான். அந்தப் பெண் பாதி எழுந்து ஏதோ சொன்னாள். அழுகையில் அது கேட்கவில்லை. கேட்க மனீஜே நிற்கவுமில்லை.

"அவங்க யாருடி?"

"தெரியாதும்மா. ஆனா அப்பா எங்க வேலை பாக்கறாருன்னு அவங்களுக்குத் தெரியுது."

மகளின் பெயரை அறிந்திருக்கிறாள். கணவனின் பணியிடத்தை அறிந்திருக்கிறாள். அவன் அகன்ற நேரத்தையும் பார்த்தே அழைத்திருக்கிறாள். மனீஜேக்கு இனி ஐயமில்லை.

பிள்ளைகளின் மணிக்கட்டைப் பற்றியபடி, வழியில் நின்ற காட்டுக் காவலரிடம் சென்றாள்.

"அண்ணே, அந்தம்மாவ கொஞ்சம் விசாரிங்க. எங்க குடும்பத்தையே வேவு பார்த்துட்டு, பிள்ளைங்கள இழுக்கறாங்க."

காவலர் கம்பளத்தின் விளிம்பில் போய் நின்றார். அக்கம்பக்கத்துக் கம்பளங்களில் பேச்சு அடங்கிற்று.

"இந்தப் பிள்ளைங்க உங்களுக்கு யாரும்மா?"

அவள் திறந்திருந்த பாத்திரம் ஒன்றை மெல்ல மூடினாள். விடை சொல்லும்போது காவலரைப் பார்க்கவில்லை, மனீஜேயைப் பார்த்தாள்.

"என் விருந்தாளிங்க."

பொய் எத்துணை அமைதியாக வருகிறது என்று மனீஜே பிள்ளைகளின் மணிக்கட்டை இன்னும் இறுகப் பற்றினாள்.

மரங்களினிடையே கியூமர்ஸ் கரிமூட்டையுடன் வந்தான். கூட்டத்தைக் கண்டு விரைந்தவன், அந்தப் பெண்ணைக் கண்டதும் மூட்டையை இறக்கினான். கரி படிந்த கையை மார்பில் வைத்துத் தலை தாழ்த்தினான்.

"நம்ம கீழ்வீட்டு அம்மா, தூபா கானும்," என்றான் மனைவியிடம், குரல் எழாமல். "மாடிப்படியில பார்த்தாங்க. வெள்ளிக்கிழமை இந்தக் காட்டுக்குத்தான் போறேன், பிள்ளைங்களோட வாங்க, சாப்பாடு என்னோடதுன்னாங்க. கண்டிப்பா வர்றோம்னு சொன்னேன். சும்மா மரியாதைக்குக் கூப்பிடறாங்கன்னு நினைச்சேன்..."

மனீஜேக்கு அவன் மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஊரில் 'வரமாட்டோம்' என்பதை முகம் வாடாமல் சொல்லும் வழி, 'வருகிறோம்' என்பதே. அழைத்தவரும் அதை அறிவார்; அடுப்பை மூட்ட மாட்டார்.

இவள் மூட்டியிருந்தாள்.

"கெர்மான்காரங்க கூச்சப்படுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் தூபா கானும். "காவல்காரரோட விருந்துக்கு வருவாங்கன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கம்பளங்களும் சிரித்தன. அவள் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

காவலர் மனீஜேயிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இவங்க சொல்றது நிஜமா?"

மனீஜே கம்பளத்தின் விளிம்புக்கு வந்தாள். குனியாமலே, ஒரு காலால் மறுகாலின் காலணியைத் தள்ளிக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள். வெறுங்காலுடன் அந்தக் கம்பளத்தின்மேல் ஏறி நின்றாள்.

அதன்பிறகுதான் பிள்ளைகளின் கைகளை விட்டாள்.

இருவர் மணிக்கட்டிலும் அவள் விரல்கள் பதிந்த தடம் சிவந்திருந்தது.