நெஞ்சு வலி

பெரிய டாக்டர் இறந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கும் கிளினிக்கில், விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள் அவரிடம் தொழில் பழகிய சின்ன டாக்டர். கதவு தடதடவென்று அதிர்கிறது. திறந்தால், ஓய்வுபெற்ற தபால்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "வலிக்குதும்மா." ஒருமுறை நின்றே போன இதயம் அது, பெரிய டாக்டர்தான் போராடி மீட்டார். அவள் தபால்காரரைப் படுக்கவைத்து ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறாள். அவர் பார்வை பெரிய டாக்டரின் காலி நாற்காலிக்குப் போகிறது. அவர் எங்கே என்று கேட்டுவிடக் கூடாதே என்று அவள் மனம் அடித்துக்கொள்கிறது; இறந்த விஷயத்தைச் சொன்னால் இந்த இதயம் தாங்குமா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள். ஒரு பிசகும் இல்லை. இடம் மாற்றி வைத்துப் பார்க்கிறாள். "சார், நல்லாத்தானே இருக்கு?"

"தெரியும்மா. அவர் போனதும் தெரியும்." தபால்காரர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போடுகிறார். "'நான் போயிட்டா அந்தப் பொண்ணு கதவைச் சாத்திட்டு உக்காந்துடும். நெஞ்சு வலின்னு போய் நில்லு, தானா எந்திரிச்சு வரும்'னு அவர்தான் சொல்லிவச்சார்."

கோபமா அழுகையா என்று தெரியாமல் அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். திறந்த கதவைப் பார்த்து, இருமும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள்.

"டாக்டர் இருக்காங்களா?"

அவள் கை சுவரைத் தடவி விளக்கைப் போடுகிறது.

"இருக்கேன். உள்ள வாங்க."