அழிந்த கையெழுத்து

"துடைக்கிறதுக்கு முன்னாடி அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அண்ணி?"

நிலாவுக்கு ஆற்றாமை தாளவில்லை. ஆயுத பூஜைக்காக ஆதம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு, அண்ணன் சித்தார்த்தன் வீட்டுக்கு, அப்போதுதான் வந்திருந்தாள். பூஜை மாடத்தின் முன்னே அண்ணனுடைய எலெக்ட்ரிக் கிட்டார், சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு கல்யாணப் பெண்போலச் சாய்ந்திருந்தது. அதன் மேலிருந்த கையெழுத்தைத்தான் காணோம்.

அது சாதாரணக் கிட்டார் அன்று. வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் தம் கைக்கும் காதுக்கும் ஏற்ப வடிவமைத்து, தம் பெயரிலேயே வெளியிட்டது. வாங்கிய நாள்முதல் சித்தார்த்தன், அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வாசிக்க உட்கார்ந்துவிடுவான். சென்ற ஆண்டு அந்தக் கலைஞர் சென்னைக்கு வந்தபோது, முண்டியடித்துக்கொண்டு போய் அதன்மீதே அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டான். அதுவும், வாசிக்கும்போது வலக்கை உரசுகிற இடத்தில்.

அவ்வளவுதான். கை உரசினால் கையெழுத்து அழியும், அழிந்தால் மதிப்புப் போய்விடும் என்று நண்பர்கள் கிளப்பிவிட, கிட்டார் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. அதன்பின் வீட்டில் வாசிப்பும் இல்லை, சிரிப்பும் குறைந்துபோயிற்று.

பூஜையில் வைக்கிற பொருளை ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கந்தானே என்று அண்ணி பொன்மணி முணுமுணுத்தாள்.

"படிச்சவங்கதானே நீங்க? கையெழுத்துக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். சித்தார்த்தனோ சுண்டலைக்கூடத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் விஜயதசமி.

"பூஜையில வச்சதை இன்னைக்கு எடுத்துக் கொஞ்சமாவது வாசிக்கணும்ங்க," என்றாள் பொன்மணி, கதவோரம் நின்றபடி.

"இனிமே அதைப் பொத்திப் பொத்தி வச்சு என்ன ஆகப்போகுது?" என்று சலித்துக்கொண்டே அவன் கிட்டாரைத் தோளில் மாட்டினான்.

முதலில் விரல்கள் தடுமாறின. பிறகு பழைய வேகம் வந்தது. கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிப்போயிற்று. கீழ்வீட்டு மெஹபூப் அலி மாடியேறி வருவதைக் கண்டு, சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று நிலா பயந்தாள். அவரோ இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அவனைக் கடிந்துகொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். சித்தார்த்தன் வாய்விட்டுச் சிரித்தான்.

நிலாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. சமையலறைக்குள் போய், அண்ணியின் தோளைத் தொட்டாள்.

"நேத்து ரொம்பப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க அண்ணி. ஈரத்துணி பட்டதும் போயிடும்னு நீங்க என்ன கண்டீங்க?"

பொன்மணி கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஈரத்துணிக்கு அது எங்கே போச்சு? கொரோனா சமயத்துல வாங்கின சானிடைசர் முழு பாட்டிலும் தீர்ந்துபோச்சு!"