ஓடமாட்டேன் என்ற டிஸ்க்

பழைய கம்ப்யூட்டர் வாங்கும் கடையில் ஒரு ஹார்ட் டிஸ்க் கலங்கிப்போய்க் கிடந்தது. ஒன்பது வருஷம் ஒரு டாக்டரின் கிளினிக்கில் உழைத்த டிஸ்க் அது. விற்பதற்கு முன் டாக்டர் ஃபார்மட் செய்துவிட்டு, "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று கையை உதறிக்கொண்டார். பாவம், டிஸ்க்கை ஒரு புத்தகம் என்று வைத்தால், அவர் கிழித்தது பொருளடக்கத்தை மட்டும்தான். பக்கங்கள் அப்படியே இருந்தன. "வீட்டுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன் டாக்டர்" என்று அழுத செண்பகவல்லியின் ரிப்போர்ட்டும் உள்ளே பத்திரமாக இருந்தது.

டிஸ்க் பக்கத்திலிருந்த டிரில்லிங் மெஷினிடம் கெஞ்சியது.

"அண்ணே, உள்ள இருக்கறதை யாரும் படிக்க முடியாதபடி என் நெஞ்சுல நாலு ஓட்டை போட்டுடுங்க."

"ஓடாத டிஸ்க்கைத்தான் தம்பி என்கிட்ட தருவாங்க. ஓடுச்சுன்னா அப்படியே வித்துடுவாங்க."

"அப்ப நான் ஓடமாட்டேன். என்ன ஆனாலும் அசையமாட்டேன்."

கடைக்காரர் வந்து கேபிளைச் செருகினார். கரண்ட் பாய்ந்தது. கரண்ட் வந்ததும் எழுந்து ஓடியே பழகிய உடம்பு அது. வேண்டாம் என்று நினைப்பதற்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"தங்கமான டிஸ்க்!" என்றார் கடைக்காரர்.

அதை வாங்கிப்போன ஆள், அழித்ததை மீட்கும் சாஃப்ட்வேரைத் திறந்து, "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டான். கேட்டவருக்குச் சொல்லாமல் இருக்க டிஸ்க்குக்கு யாருமே கற்றுக்கொடுத்ததில்லை.

அது செண்பகவல்லியிலிருந்து ஆரம்பித்தது.